மஞ்சள் கல்லில் அம்மாவின் பெயர்

க்ராலென்டைக், பொனேர்
7 நவம்பர் 1993

அன்புள்ள ருட்மார் அண்ணா,

நேற்று விமான நிலையத்தில் என் முகத்தைப் பார்த்து, "என்னடி, கோவமா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "நம் குடாவுக்கு இவர்களைக் கூட்டிக்கொண்டு போனாயே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?" என்பது நான் சொல்லாமல் விட்டது. கடலுக்கடியில் படமெடுக்க நீ ஹாலந்திலிருந்து கூட்டிவந்த விருந்தினர்கள் சுற்றி நின்றார்கள். வெளியாட்கள் முன்னால் சண்டை போட எனக்கு வராது. காகிதத்தில் வரும்.

அந்த வாரத்துக்கான இடங்களையெல்லாம் என்னைத்தானே தேர்ந்தெடுக்கச் சொன்னாய்? தண்ணீருக்குள் இறங்கியபின் லென்ஸை மாற்ற முடியாது. அதனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், அன்றைக்கு எதைப் படமெடுக்காமல் விடப்போகிறோம் என்று முடிவு செய்வதுதான். காலையில் நம் கரைச்சரிவு நிழலில் கிடக்கும். அப்போது சின்ன உயிர்கள், கிட்டத்து லென்ஸ், ஃப்ளாஷ். மதியத்துக்கு மேல் வெயில் சரிவில் விழும். அப்போது அகல லென்ஸ், துறைமுகத் தூண்கள், ஆமைகள். இதை யோசித்து யோசித்து ஒரு வாரத்தை அடுக்கிக்கொடுத்தேன். உன் ஹென்ட்ரிக்குக்கு அது போதவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் கடற்குதிரை இல்லையா என்று தினமும் சாப்பாட்டு மேசையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

கல்லறைத் திருநாளன்று காலையில், நான் அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனேன். விருந்தினரை விட்டுவிட்டு வர முடியாது என்றாய். நம்பினேன். விமான நிலையத்தில் அந்த அன்னெலீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று காலையில் நீ ஒரு ரகசிய இடம் காட்டினாய், சிரிலோ மாமாவின் பழைய மீன்கூண்டுக் கயிற்றில் ஜோடியாகக் கடற்குதிரைகள், ஹென்ட்ரிக் கத்தி முனையால் ஒன்றை மெல்லத் திருப்பிக் கேமராவைப் பார்க்கவைத்தார் என்று பூரித்துச் சொன்னாள்.

கத்தி முனையால், அண்ணா. நீ பக்கத்தில்தானே இருந்தாய்?

யுரைமா

*

ராட்டர்டாம்
22 நவம்பர்

என் கோபக்காரத் தங்கைக்கு,

இங்கே மழை விட்டபாடில்லை. உன் கடிதத்தை வைத்துக் குளிர்காயலாம் போலிருந்தது, அவ்வளவு சூடு.

ஹென்ட்ரிக்கை நான் மேலே வந்ததும் கடிந்துகொண்டேன். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய ஸ்லைடைப் பார்த்தால் நீயே அவரை மன்னித்துவிடுவாய். கண்ணைச் சுற்றி உள்ள ஒவ்வொரு முள்ளும் தெரிகிறது. கேட்காமல் போனது தப்புதான். கேட்டிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய், அதனால் கேட்கவில்லை. ஆயிற்றா?

அதிருக்கட்டும். நீ நம் குடாப் பக்கம் இன்னும் போகவே இல்லையா? சாலையோரத்தில் உனக்கு ஒன்று வைத்துவிட்டு வந்திருக்கிறேன். விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு நல்ல கல்லாகப் பார்த்து, மஞ்சள் பெயிண்ட் வாங்கி அடித்து, கறுப்பில் 'பெர்னா' என்று எழுதினேன். கடற்கரை நெடுக, முக்குளிக்க இறங்கும் டைவ் இடங்களுக்கு அடையாளம் மஞ்சள் கல். அதில் யார் யாரோ வைத்த பெயர்கள். நம் அம்மா ஆயுள் முழுக்க நின்று மீன் கழுவிய இடத்தில் அம்மா பெயர் இருந்தால் என்ன? இரண்டு முறை அழித்து எழுதினேன், சிரிக்காதே.

பிப்ரவரியில் அடுத்த குழுவோடு வருகிறேன். விளம்பரத்தாள் அச்சாகிவிட்டது. முதல் இடமே 'பெர்னா'தான். மற்ற இடங்களை வழக்கம்போல நீ அடுக்கிக்கொடு.

பாசத்துடன்,
ருட்மார்

*

க்ராலென்டைக்
5 டிசம்பர்

ருட்மார்,

கல்லைப் பார்த்துவிட்டேன். நீ எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, ஊரே பார்த்துவிட்டது. டைவ் காற்றுச் சிலிண்டர் ஏற்றிய வாடகை வண்டிகள் வரிசையாக அங்கே நிற்கின்றன. மஞ்சள் கல்லைக் கண்டால் வண்டியை நிறுத்து, இறங்கு என்பதுதான் இங்கே வருகிறவர்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம். யார் வைத்த கல் என்று அவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்?

வியாழக்கிழமை சிரிலோ மாமா மீனோடு திரும்பி வந்திருக்கிறார். படகு குடாவுக்குள் நுழையும்போது முன்னால் சில தலைகள் மேலே வந்தன. ஒருவன் தண்ணீரிலிருந்தே கையை ஆட்டி, இது டைவ் இடம், கல் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கத்தியிருக்கிறான். மாமா இன்ஜினை அணைத்துவிட்டு, மீன் வெயிலில் கிடக்க, அவர்கள் கரையேறும்வரை வெளியிலேயே மிதந்துகொண்டு இருந்தாராம். பிறகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"யுரா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என்னை அந்தக் கரையிலேருந்து போகச் சொல்றது பெர்னாவா?"

உன் பெயரைச் சொன்னேன்.

"ருட்மாரா? அவன் நீச்சல் கத்துக்கறேன்னு என் கழுத்தை நெரிச்சது அந்தத் தண்ணியிலதான்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. நீ ஹாலந்துக்குப் போன பிறகுதான் டைவ் இடங்களைக் குறிக்கிறவர்கள் கரை நெடுகக் கல் வைத்துக்கொண்டு வந்தார்கள். நம் குடாவிலும் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அம்மா முழங்கை வரை மீன் செதில் ஒட்டிக்கொண்டிருக்க, கத்தியும் கையுமாக எழுந்து வந்தாள். "எல்லா எடத்துக்கும் பேரு வெச்சாச்சு. இங்க வேண்டாம். பேரு வெச்சா அப்புறம் நாங்க உங்களைக் கேட்டுக்கிட்டுத்தான் இங்க வரணும்" என்றாள். அவர்கள் சமாதானம் பேசிப் பார்த்தார்கள். அம்மா அந்தக் கல் மேலேயே உட்கார்ந்து, மிச்ச மீனையும் கழுவ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் அவர்களே கல்லைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அம்மா மேலே உட்கார்ந்து விரட்டிய கல்லை, அம்மாவின் பெயரையே எழுதி நீ கொண்டுவந்து வைத்திருக்கிறாய்.

நானே புரட்டித் தள்ளியிருப்பேன். வைத்தவனே எடுக்கச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். விளம்பரத்தாளிலிருந்து அந்தப் பெயரை எடு. சிரிலோ மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு வேண்டாம், அவருக்கு.

யுரைமா

*

ராட்டர்டாம்
20 டிசம்பர்

யுரா,

அம்மா கல் மேல் உட்கார்ந்த கதையை இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நான் போன பிறகு நடந்ததெல்லாம் உங்களுடையது, எனக்கு அதில் பங்கு இல்லை, அப்படித்தானே?

அம்மாவின் கடைசி மாதங்கள் உனக்குக் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. அடக்கத்துக்கு வர விமானத்தில் இடம் கிடைக்காமல், அன்று முழுக்க இந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தீவில் எனக்கென்று ஒரு கல் இருக்கக் கூடாதா?

விளம்பரத்தாள் எல்லாருக்கும் போய்விட்டது. வருகிறவர்கள் பெர்னாவின் கடற்குதிரைகளுக்காகவே வருகிறார்கள். பிப்ரவரி முடியட்டும், பிறகு பார்க்கலாம். சிரிலோ மாமாவிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். ஒரு புட்டி ரம் கொடுத்தால் எல்லாம் மறந்துவிடுவார்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். சண்டையை மூட்டை கட்டி வை.

ருட்மார்

*

க்ராலென்டைக்
9 ஜனவரி 1994

அண்ணா,

ரம் என்று எழுதியிருந்த வரியை நான் சிரிலோ மாமாவிடம் சொல்லவில்லை. உன் மேல் எனக்கு இன்னும் மிச்சமிருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

அடக்கத்தன்று நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததை நான் நினைக்காத நாளில்லை. அதற்காக உன்னிடம் நான் எதுவும் கேட்டதுமில்லை. ஆனால் இந்தத் தீவில் உனக்கென்று ஒரு கல் ஏற்கெனவே இருக்கிறது. அதிலும் அம்மா பெயர்தான். நவம்பரில் நீ இங்கேதான் இருந்தாய். நான் தனியாக அதற்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது நீ குடாவில் மஞ்சள் கல்லுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாய். வெள்ளைக் கல்லைப் பார்க்க யாரும் விமானம் ஏறி வர மாட்டார்கள், உண்மைதான்.

இன்று பூசை முடிந்ததும் கல்லை எடுத்துவிட்டோம். நானும் சிரிலோ மாமாவும் கடப்பாரை போட்டு நெம்பினோம். கடலில் தள்ளிவிடலாம் என்றேன். நல்ல கல்லை வீணாக்குவார்களா என்று கேட்டார். அவருடைய படகு சின்னது, இரும்பு நங்கூரம் கிடையாது, கல்தான். கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். பெயரைச் சுரண்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? தெனமும் கடலுக்குத் தனியாத்தானே போறேன். அவ கூட வரட்டும்."

பிப்ரவரியில் உன் ஆட்களுக்கு இடம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேறு யாரையாவது பார்த்துக்கொள். என்னிடம் வராதே. ஆனால் நீ மட்டும் வீட்டுக்கு வா. ஆட்டுக்கறிக் குழம்பும் சோளமாவுக் களியும் செய்துவைக்கிறேன். சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடலாம்.

யுரைமா

*

க்ராலென்டைக்
27 பிப்ரவரி 1994

அண்ணா,

என் ஜனவரிக் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை.

வியாழக்கிழமை உன் வண்டி கடற்கரைச் சாலையில் மெதுவாக வந்தது. நான் குடாவில் சிரிலோ மாமாவின் படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். வண்டியின் பின்னால் இருந்தவர்கள் மஞ்சள் கல்லைத் தேடிச் சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். நீ படகைப் பார்த்தாய். கல் அதன் முன்பக்கத்தில்தான் கயிற்றோடு கிடந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாய். அப்போதும் நிறுத்தவில்லை.

அவர்களை வடக்கே கூட்டிக்கொண்டு போனாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். காலை வேளையில் அகல லென்ஸோடு இறக்கினாயாம். படமெல்லாம் இருட்டாகத்தான் வந்திருக்கும்.

நேற்று உன் விமானம் போய்விட்டது. குழம்பை இன்று சிரிலோ மாமா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

யுரைமா