மாமாவின் இரண்டாவது மாத்திரை

மாமா,

பால் காய்ச்சியாயிற்று. குப்பையைக் கீழே வைத்துவிட்டேன். மதியத்துக்குச் சோறும் வேகவைத்த காய்கறியும் மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாவி ஆணியில் தொங்குகிறது.

சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டதற்கு நன்றி. கூடவே கொடுத்த கொழுப்பு மாத்திரைகளைப் பூந்தொட்டியில் பார்த்தேன். அந்தச் செடிக்கு இனி மாரடைப்பு வராது.

"சர்க்கரைன்னுதானே சொன்னாங்க! இந்தக் கொழுப்பு யாரோடதுன்னு போய்க் கேளு" என்று நேற்று கத்தினீர்களே, டாக்டரிடம் கேட்டேன். உங்களுடையதுதானாம். சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கும்போதே பலருக்கு ரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறி, நல்ல கொழுப்பு இறங்கியிருக்குமாம். உங்களைப் போன்ற ஒல்லிகளையும் விடாதாம். இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து என்றுதான் இரண்டு மாத்திரை எழுதினாராம், அழகுக்காக அல்ல.

டீயில் சர்க்கரையை விட்ட மாபெரும் தியாகத்துக்கு நீங்களே உங்களுக்கு வழங்கிக்கொண்ட வறுவல் பொட்டலங்கள் தலையணை உறைக்குள் இருந்தன. எடுத்துவிட்டேன். தேடிக் களைக்க வேண்டாம்.

இன்னொருவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் தனியாக வீடு திரும்ப என்னால் முடியாது, மாமா.

பி.கு. இன்று ஆபீஸிலிருந்து சீக்கிரம் வருகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருங்கள்.

இன்னொன்று. உங்கள் மகள் கடைசியாக, "எங்கப்பாவக் கண்ணு மாதிரி பாத்துக்கோ" என்றதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறீர்கள். பக்கத்தில் இருந்தவன் நான். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் சொன்னது இதுதான்:

"அப்பா சரி சரின்னு தலையாட்டினா நம்பாத. கூடவே உக்காந்து சாப்பிடு."