கேமராக்காரர் தேவை

மார்ச் 3, செவ்வாய்

இன்று ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்களில் மூன்று பேரிடம், படம் எடுக்க வருகிறீர்களா என்று கேட்டேன். ஊசி கைக்குள் இருக்கும்போது யாரும் முடியாது என்று சொல்வதில்லை. பஞ்சை வைத்து முழங்கையை மடக்கச் சொன்னதும் தெளிந்துவிடுகிறார்கள். "யோசிச்சு சொல்றேங்க" என்று எழுந்து போகிறார்கள்.

நகர நூலகம் குறும்படப் போட்டி வைக்கிறது. ஆறு நிமிடப் படம். குழுவில் ஐந்து பேராவது இருக்க வேண்டும், ஒருவருக்கும் சம்பளம் கூடாது. விளம்பரத்தை எங்கள் பரிசோதனைக் கூடத்துச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒட்டிய கையோடு நானே பெயர் கொடுத்துவிட்டேன்.

எனக்கு எதற்கு இந்த வேலை? உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். எனக்குப் படம் வேண்டாம். கேமராக்காரன்தான் வேண்டும். என் தம்பி.

மார்ச் 4, புதன்

தம்பி கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவன். இதே ஊரில்தான், இரண்டு பஸ் மாறினால் போய்விடுகிற தூரத்தில், அறை எடுத்து இருக்கிறான். எங்கள் வீட்டுப் படி மிதித்து நாலு வருடம் ஆகிறது.

அம்மா போன அன்று அவன் யாரோ ஒருவர் கல்யாணத்தில் இருந்தான். கேமரா ஓடும்போது போனை எடுக்க மாட்டான், அவன் தொழில் அப்படி. வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அப்பா வாசலில் வைத்துச் சொன்னார். "ஊரார் வீட்டு விசேஷமெல்லாம் புடிக்கத் தெரியுது. பெத்தவ முகத்தப் பாக்க நேரமில்ல. இனி எதுக்கு வந்த?" வந்தவன் அப்படியே திரும்பினான். கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

அப்பா அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அச்சகத்து இயந்திரங்களுக்கு நடுவில் முப்பது வருடம் வேலை பார்த்து அவருக்குக் காது போய்விட்டது. வீட்டில் இருக்கும்போது காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். நான் தம்பியோடு போனில் பேசினால் மட்டும் அதை மாட்டிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

அவனாக வர மாட்டான். இவராகக் கூப்பிட மாட்டார். வேலை இருக்கிறது என்று கூப்பிட்டால்?

மார்ச் 7, சனி

கதை முடிவாகிவிட்டது. ஒரு பெரியவர் வீட்டுக்குள் யாருக்காகவோ காத்திருக்கிறார். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஓடிப்போய்த் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெண். அவ்வளவுதான். படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கும். பெரியவர் அப்பாதான், ஆனால் அவருக்கு இன்னும் தெரியாது.

ஆள் பிடிக்கிற வேலை இருக்கிறதே, ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். எல்லாருக்கும் நடிக்க ஆசை. விளக்குப் பிடிக்க ஒரு ஜீவன் இல்லை. எங்கள் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நான் அழற மாதிரி வருமா?" வாசலில் வந்து கதவைத் தட்டினால் போதும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. தட்டுகிற நேரம் போக மற்ற நேரம் உதவி இயக்குநர் நீதான் என்று சொன்ன பிறகுதான் மலர்ந்தது.

எங்கள் கட்டடத்து லிஃப்ட்டைப் பழுது பார்க்க வருபவர் ஆறடிக்கு மேல் உயரம். ஆறடி என்றே எல்லாரும் கூப்பிடுகிறோம். விளக்குப் பிடிக்க அவரைவிட்டால் ஆள் ஏது? "எவ்ளோ தருவீங்க?" என்றார். "கரும்பு தின்னக் கூலியா?" என்றேன். "கரும்ப மொதல்ல கண்ணுல காட்டுங்க" என்றார். ஆனால் வருகிறார்.

மார்ச் 10, செவ்வாய்

அப்பாவின் காதுக் கருவியைச் சரிபார்க்கக் கடைக்குப் போனோம். அங்கே இருப்பவர் பொறுமைசாலி, அப்பா போடுகிற சத்தத்துக்கெல்லாம் சிரித்தபடியே பதில் சொல்வார். ஒலிப்பதிவு செய்ய வருகிறீர்களா என்று கேட்டேன். "நாள் பூரா ஜனங்களுக்கு என்ன கேக்கலைன்னு கண்டுபுடிக்கிறேன் மேடம். ஒரு நாளாவது என்ன கேக்குதுன்னு பாப்போம்" என்றார். உதவிக்கு அவர் மனைவியும் வருகிறாராம். எனக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 11, புதன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"நானா? இந்த மூஞ்சியையா?"

"சும்மா உக்காந்து காத்திருக்கணும்பா. வசனம்கூட இல்ல."

"அதுக்கு எதுக்கும்மா நடிக்கணும்?"

சிறிது நேரம் பேப்பரைப் புரட்டினார். பிறகு கேட்டார், "கேமரா யாரு?"

இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்றேன். சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

மார்ச் 13, வெள்ளி

தம்பிக்கு போன் செய்தேன். "வேற ஆளப் பாருக்கா. எனக்கு சீசன்." வைத்துவிட்டான்.

மார்ச் 14, சனி

பேருக்கு இருக்கட்டும் என்று நூலகத்துப் பலகையில் 'கேமராக்காரர் தேவை' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரி ஆசிரியர் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கே வந்தார். சொந்தக் கேமரா, மூன்று லென்ஸ், நாலு படம் எடுத்த அனுபவம். மனிதரும் தங்கம். லிஃப்ட் பார்க்க வந்திருந்த ஆறடி என்னை இடித்து, "கும்புடப் போன தெய்வம் குறுக்க வந்திருக்கு, விட்டுடாதீங்க" என்கிறார். நான் என்ன செய்தேன்? "உங்க கேமரா ரொம்பப் பெரிசு சார், எங்க வீட்டுக் கூடம் சின்னது" என்றேன். இப்படி ஒரு காரணத்தை அவர் வாழ்க்கையில் கேட்டிருக்க மாட்டார். வருத்தமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

மறுபடியும் பேசினேன். மறுபடியும் முடியாதாம்.

ஏன்டா, ஒரு நாள். ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போனா கொறஞ்சா போயிடுவ? அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டாரு, சரி. தப்புதான். எனக்கும் அம்மாதானடா அவ. அவ போனதோட உன்னையும் சேத்துப் பறிகொடுக்கணும்னு என் தலையில எழுதியிருக்கா? ரெண்டு பேருக்கும் ரோஷம் இருக்கு. எனக்கு மட்டும் என்ன இருக்கு இந்த வீட்டுல?

அவன்கிட்ட இதையெல்லாம் சொல்லவில்லை. "சரிடா, பரவால்ல" என்றுதான் சொன்னேன்.

மார்ச் 18, புதன்

அவனே கூப்பிட்டான். "யாருக்கா நடிக்கிறது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அப்பா" என்றேன்.

"கூடத்து ஜன்னல்ல இன்னும் அந்தப் பச்சைத் திரைதானா? கழட்டிடு. மூஞ்சி பூராவும் பச்சை அடிக்கும்" என்றான்.

அவரோடு பேச மாட்டானாம். வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவானாம். போகட்டும். வருகிறான்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தான். இளைத்திருக்கிறான். காதோரம் நரை. எனக்குத் தம்பி அவன், அவனுக்கு நரை.

வாசலில் ஒரு கணம் நின்றான். பிறகு கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தான், வெளிச்சம் பார்க்கிறானாம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே சட்டை மாற்றி, தலை வாரி, காதுக் கருவியை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்க்கவில்லை. நடுவில் கேமராவின் கண்ணாடி இருந்தது.

பாவம் வரவேற்பு மேசைப் பெண். "அவர கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லுங்க" என்று இவன் அவளிடம் சொல்வான். அப்பா அவளிடம், "எனக்கு அந்தப் பக்கம் காது கேக்காதுன்னு கேமராக்காரர்கிட்ட சொல்லும்மா" என்பார். எல்லாம் மூன்று முழ இடைவெளியில். அவள் மத்தளமாகிவிட்டாள், இரண்டு பக்கமும் இடி. கடைசியில் என்னிடம் வந்து, "அக்கா, ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியும்தானே?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு முறையும் நான் "ஆரம்பம்" என்பேன், அப்பா காத்திருப்பார். "போதும்" என்பேன், எழுந்து கால் நீட்டுவார். ஆறடி விளக்கை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தார். காதுக் கடைக்காரரும் மனைவியும் மைக் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று சாயங்காலம் வரை சண்டை போட்டார்கள். வீட்டில் இத்தனை குரல் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது. தேநீர் தம்ளர் போதாமல் அளவுக் குவளையில்கூட ஊற்றிக் கொடுத்தேன்.

முடிந்ததும் தம்பி கேமராவைப் பையில் வைத்தான். சாப்பிட்டுவிட்டுப் போடா என்றேன். "வேலை இருக்குக்கா." அப்பா அந்த நேரம் பார்த்து உள்ளறைக்குப் போய்விட்டார். இவன் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போன பிறகு வந்து, "போயாச்சா?" என்றார்.

இதற்காகவா இவ்வளவும்?

மார்ச் 23, திங்கள்

காலையில் போன். தம்பி குரலே சரியில்லை. "அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

கேமராவில் ஒரே பொத்தான்தான். ஒரு முறை அழுத்தினால் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். முதல் தடவை கை தவறி இரண்டு முறை அழுத்திவிட்டான். அதிலிருந்து எல்லாமே தலைகீழ். நான் "ஆரம்பம்" என்றபோதெல்லாம் கேமரா நின்றிருக்கிறது. "போதும்" என்றபோதெல்லாம் ஓடியிருக்கிறது. அப்பா நடித்தது ஒரு நொடிகூட இல்லை. நடிக்காமல் இருந்தது மட்டும் ஒன்றுவிடாமல் இருக்கிறது.

"செவப்பு லைட் எரியுமேடா?"

"அதுமேல கறுப்பு டேப் ஒட்டி வெச்சிருக்கேன். கல்யாணத்துல அத பாத்தா ஜனங்க வெறச்சுப் போயிடறாங்க."

"உள்ள பாக்கறப்போ தெரியாதா?"

"தெரியும். நான் அத பாக்கல. அவரத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றான்.

குழுவிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே சொன்னேன். ஆறடி தலையில் கை வைத்தார். "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்றார் காதுக் கடைக்காரர். நாளை மறுநாள் கடைசித் தேதி. மறுபடி எடுக்க ஒருவருக்கும் விடுப்பு இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

இருப்பதை வைத்து ஆறு நிமிடம் வெட்டி அனுப்பியிருக்கிறான். பரிசோதனைக் கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தேன்.

அப்பா கால் நீட்டுகிறார். ஆறடி விளக்கோடு குறுக்கே போகிறார். நான் தம்ளர்களோடு வருகிறேன், எனக்கு இவ்வளவு கூன் விழுந்திருப்பது எனக்கே தெரியாது. அப்பா சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியைத் தேடுகிறார், அது நெற்றியில் இருக்கிறது. யாரும் கவனிக்காதபோதெல்லாம் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். மறுபடி மறுபடி. வேறு யாருக்கும் புரியாது, எனக்குப் புரியும். இதன் பக்கத்தில் நான் எழுதிய காத்திருத்தல் ஒன்றுமே இல்லை.

போனில் சொன்னேன், நல்லா இருக்குடா என்று. அவன் சொன்னான், "அம்மா நடக்கற மாதிரி, பேசற மாதிரி எங்கிட்ட ஒண்ணுமே இல்லக்கா. ஊர்ல உள்ள எல்லா அம்மாவும் இருக்காங்க."

போனை வைத்தேன். ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர் ஒட்டப் போய்விட்டேன்.

மார்ச் 25, புதன்

படத்தை நூலகத்தில் கொடுத்தாகிவிட்டது. சாயங்காலம் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடி தேடுகிற இடத்தில் சிரித்தார். மறுபடி போடச் சொன்னார். முடிந்ததும் இன்னொரு முறை.

"எப்படிப்பா இருக்கு?"

"எல்லாரும் இருக்காங்க" என்றார். "அந்த நெட்டைப் பையன், அந்தப் பொண்ணு, நீ... எல்லாரும். அவன் மட்டும் இல்ல."

கேமரா பிடிப்பவன் எப்படிப்பா படத்தில் வருவான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து கருவியைக் கழற்றிவிட்டுப் படுக்கப் போனார்.

மார்ச் 26, வியாழன்

தம்பியிடம் அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "ம்" என்றான்.

ஏப்ரல் 2, வியாழன்

தேர்வான படங்களின் பெயர்கள் வந்தன. நம்முடையது இல்லை. வரவேற்பு மேசைப் பெண் இப்போதுதான் நிஜமாகவே அழுதாள்.

ஏப்ரல் 11, சனி

இன்று கூட்டம் அதிகம், வீடு திரும்ப நேரமாகிவிட்டது. கதவு பூட்டியிருக்கவில்லை. வாசலில் தெரிந்த செருப்பு.

தம்பி சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்து, சின்ன வயதில் தூங்குவதுபோல. கேமராப் பை எங்கேயும் இல்லை. சமையலறையில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. எப்போது வந்தான், யார் கதவைத் திறந்தது, முதல் வார்த்தையை யார் பேசியது, எதுவும் எனக்குத் தெரியாது. நாலு வருடமாக அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். நான் யாருக்கோ சர்க்கரை அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது அது நடந்து முடிந்துவிட்டது.

அப்பா அவன் தலைமாட்டில் நாற்காலி போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார். செய்தி வாசிப்பவர் வாயசைத்துக்கொண்டிருந்தார். சத்தத்தை அடியோடு குறைத்திருந்தார் அப்பா.