தெரு ஏறுகிறது, அக்கா இறங்குகிறாள்

ஜூன் 3

இன்றும் மாநகராட்சியில் துறைகளின் ஒருங்கிணைப்புக் கூட்டம். அக்காவின் தையல் கடை இருக்கும் தெருவின் பிரச்சினையை எடுத்துவைத்தேன். (சொந்த அக்கா என்று சொல்லவில்லை. என்ன, நான் அவ்வளவு மடையனா?) வரிசை எளிது: முதலில் வடிகால், அடுத்து பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாலை, கடைசியில் மரக்கன்று.

சாலைப் பொறியாளர் உதட்டைப் பிதுக்கினார். "சுரண்டுற மெஷின் இல்ல சார். அப்படியே மேல போட்டுடலாம்." பழைய சாலை மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு ஊரையே உயர்த்தியவர்; மேட்டுக்காரர் என்பது நான் அவருக்கு வைத்த பெயர். வடிகால் துறை அம்மா, "அவர் ரோடு போட்டு முடிக்கட்டும், அப்புறம் நான் தோண்டுறேன்" என்றார். போட்ட பிறகு தோண்டுவாராம்! பூங்கா அதிகாரி, வடிகால் வரவேண்டிய இடத்தில் கன்றுகளை நட்டே விட்டாராம்.

ஒருங்கிணைப்பு அதிகாரியான என் அறைக் கதவில் 'நீடித்த வளர்ச்சி' என்று எழுதியிருக்கிறது. வளர்வது என் தொப்பை மட்டும்.

ஜூன் 5

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"டேய் ஒருங்கிணைப்பு! உன் ஆளுங்க போட்ட ரோடு என் வாசப்படிக்கு மேல வந்திருச்சு. போன மழையில கஸ்டமர் துணி பூரா சேறு. இந்தத் தடவையும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா, கடையக் காலி பண்ணிட்டு மெஷினோட உன் வீட்டு ஹாலுக்கே வந்துருவேன்."

"அக்கா, அது வடிகால் துறை..."

"நீ எந்தத் துறை?"

அதுதானே, நான் எந்தத் துறை?

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "உங்கக்கா உள்ள வந்தா நான் வெளிய" என்று மட்டும் சொன்னாள். அவர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் — அதற்கு வெள்ளமே தேவலை.

ஜூன் 9

கூட்டம். மூன்று துறையும் வரவில்லை. பிஸ்கட்டை நானே தின்றேன்.

ஜூன் 10

இந்தக் கட்டடத்தில் எல்லாத் துறைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வது வதந்தி ஒன்றுதான். டீ இடைவேளையில் டைப்பிஸ்ட் அம்மாவிடம், "ஆணையர் வியாழக்கிழமை அந்தத் தெருவைப் பாக்க வர்றாராம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன். டீ ஆறுவதற்குள் மேட்டுக்காரர் எனக்கே வந்து ரகசியமாகச் சொன்னார்.

ஜூன் 12, வியாழன்

ஐயோ. ஆணையரே வந்துவிட்டார்! என் வதந்தி அவர் உதவியாளர் காதுக்கும் போய், அந்த உதவியாளரும் யாரோ ஏற்பாடு செய்ததாக நினைத்துக் காரை அனுப்பச் சொல்லிவிட்டார். போச்சு, என் வேலை போச்சு.

அக்கா விடுவாளா? "உள்ள வாங்க சார், பாத்து, பள்ளம்." ஆணையர் தடுக்கி இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜன்னலில் முகங்கள் தெரியவில்லை. தெருவில் நின்ற மூன்று ஜோடி ஷூதான் தெரிந்தது.

"இது யார் கால்?"

"சாலைத் துறை சார்" என்றது மேலிருந்து ஒரு குரல்.

"அது?"

"வடிகால் சார்." "பூங்கா சார்."

"யார் முதல்ல ஆரம்பிக்கப் போறீங்க?"

மூன்று ஜோடி ஷூவும் ஒன்றாக ஓரடி பின்னால் போயின. மூன்று துறையும் சேர்ந்து செய்த முதல் காரியம்.

ஆணையர் பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, "இனிமே இவர் சொல்ற வரிசைதான்" என்றார்.

"இவன் சொல்லியா கேப்பாங்க? வீட்லயே நாங்க யாரும் கேக்க மாட்டோம் சார்" என்றாள் அக்கா.

ஜூன் 27

வடிகால் முடிந்தது. சுரண்டும் மெஷினும் கிடைத்துவிட்டது. மேட்டுக்காரரின் கிடங்கிலேயே, தார்ப்பாய்க்கு அடியில். நாளை தெருவைச் சுரண்டுகிறார்கள். கன்றுகளைப் பிடுங்கி வேறிடத்தில் நடச் சொன்னதில் பூங்கா அதிகாரிக்கு என்னோடு பேச்சு இல்லை. நிம்மதி.

ஜூலை 18

விடியற்காலையிலிருந்து கொட்டுகிறது. மனைவி என்னைப் பார்ப்பதும் ஹாலைப் பார்ப்பதுமாக இருந்தாள். அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. ஒருவழியாக எடுத்தாள்.

"என்னடா?"

"இல்ல... மழை..."

"பெய்யுது. அதுக்கென்ன? அவசரத் துணி கையில இருக்கு, வைடா."

பேசி முடிக்கும்வரை மெஷின் சத்தம் ஒருமுறைகூட நிற்கவில்லை.