அண்ணி ஓட்டாமல் வந்த மூன்று கிலோமீட்டர்

அண்ணி,

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பெயரைப் போட்டு, வண்டியின் இன்சூரன்ஸ் இன்னும் பத்து நாளில் முடிகிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. எல்லாக் காகிதத்திலும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தீர்கள். நீங்கள் போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த உங்கள் ஸ்கூட்டர் உறை போட்டபடி நின்றது.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, என் வீட்டுக்காரரின் அக்காவான நீங்கள் ஒருநாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. போலியோவில் சூம்பிய இடது காலை ஊன்றி ஊன்றி மெயின் ரோடு வரை நடப்பீர்கள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் உங்கள் மேஜை. பட்டா, முதியோர் பென்ஷன், தண்ணீர்க் குழாய் என்று ஊருக்கெல்லாம் மனு எழுதுவீர்கள். ஆனால் ஏறி இறங்க நேரமாகும் என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் உங்களைத் தூரத்தில் பார்த்ததுமே வேகம் கூட்டிப் போவார்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் கேட்கவே வேண்டாம். மனுநாளான திங்கட்கிழமை பௌர்ணமியும் சேர்ந்து வந்தால், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வந்தவர்கள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். அதனால்தான் வண்டி வாங்க முடிவு செய்தீர்கள்.

"வாங்கிட்டு வந்து மெக்கானிக்கிட்ட விட்டா சாயங்காலம் சைடு வீல் மாட்டிடுவான்க்கா" என்றார் உங்கள் தம்பி.

"மாட்டுவான். மொதல்ல காகிதம், அப்புறம்தான் சக்கரம்" என்றீர்கள்.

எட்டாவதோடு நின்ற என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மோட்டார் வாகன விதிகளை வாசிக்கச் சொன்னீர்கள். வண்டியில் மாற்றம் செய்யப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். சாதாரண ஸ்கூட்டர் லைசென்ஸ் போதாது. மாற்றி அமைத்த வண்டி ஓட்டத் தகுதி என்று அதில் இருக்க வேண்டும். ஊனச் சான்று காட்டினால் சாலை வரி கிடையாது, ஆனால் இன்சூரன்சுக்கும் ஹெல்மெட்டுக்கும் விலக்கு இல்லை. வீட்டுச் செலவுக்கு நோட்டுப் போடுகிற பழக்கத்தில் வண்டிக்கும் ஒன்று போட்டேன். எந்தக் காகிதம் எந்த உறையில், யார் கையெழுத்து, எத்தனை நகல், எல்லாம் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

அனுமதி வாங்கிச் சக்கரம் மாட்டிய வண்டி வந்தது. வைகாசிக் கடைசியில், ஓட்டிப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். உரிமமும் கையில் வந்தது. ஆறு மாதத்துக்குள் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். நாள் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஆனியில் நீங்கள் பழகட்டும் என்று விட்டேன். ஆடி வேண்டாம் என்றேன். ஆவணியில் பார்த்த இரண்டு நாளும் உங்களுக்குச் சந்திராஷ்டமம். புரட்டாசியில் பங்காளி வீட்டுத் தீட்டு. ஐப்பசியில் அடைமழை. கார்த்திகை பிறந்ததும், "தீபம் முடியட்டும் அண்ணி, அண்ணாமலையாரைப் பாத்துட்டே போவோம்" என்றேன். நீங்கள் மறுக்கவில்லை. கூட்டம் வடிந்து மூன்றாம் நாள், எண்ணெய்ப் பிசுக்கு போகாத தெருக்கள் வழியாக நீங்கள் வண்டியில் முன்னால் போக, நான் உங்கள் தம்பியின் பைக்கில் பின்னால் வந்தேன்.

போக்குவரத்து அலுவலகக் கவுன்டரில் இருந்தவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "முந்தாநாளோட முடிஞ்சிடுச்சேம்மா. புதுசா போட்டு, ஒரு மாசம் கழிச்சு வாங்க."

நீங்கள் வெளியே வந்து, வண்டியில் ஏறாமல், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

வாசலில் நின்ற புரோக்கர் சிரித்தார். "அட ஓட்டிட்டுப் போங்கக்கா. உங்க காலைப் பாத்தா போலீசு நிறுத்தவே மாட்டாங்க. பாவம்னு உட்ருவாங்க."

"அதான் தம்பி வேணாங்கறேன். நாளைக்கு நான் ஒருத்தர இடிச்சிட்டாலும் பாவம்னு உடுவாங்களா? ரோட்டுல போறவங்க கணக்குல என்னையும் சேக்கணும்."

வீடு மூன்று கிலோமீட்டர்தான். நீங்கள் குட்டி யானை என்கிற சின்ன லாரி ஒன்றைக் கூப்பிடச் சொன்னீர்கள். நன்றாக ஓடும் வண்டியை நாலு பேர் தூக்கி ஏற்றியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. "என்னா சார், புது வண்டி அதுக்குள்ள ரிப்பேரா?" என்று ஒருவர் கேட்க, "வண்டி நல்லாத்தான் இருக்கு, காகிதந்தான் ரிப்பேரு" என்றார் உங்கள் தம்பி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. டிரைவருக்குப் பக்கத்தில் உங்களை ஒட்டி உட்கார்ந்த நான் அழுதுவிட்டேன். ஆறு மாதம் நீங்கள் காத்திருந்ததை என் நாள்காட்டி தின்றுவிட்டது.

"ஏன்டி அழற? உன் காலண்டர்ல எல்லாம் போட்டிருக்கான், எமகண்டம் கூட போட்டிருக்கான். என் கடைசி தேதிய மட்டும் போடாம உட்டுட்டான், பாவி" என்றீர்கள். டிரைவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என் முழங்கையைப் பிடித்துச் சொன்னீர்கள். "அடுத்த வாட்டியும் நீயே நாள் பாரு. ஆனா காகிதம் குடுத்திருக்கற நாளுக்குள்ள பாரு."

என் பக்தியைப் பழிக்காமல் அதன் எல்லையை மட்டும் காட்டினீர்கள். அந்தப் பெருந்தன்மையை வேறு யாரிடமும் நான் கண்டதில்லை.

தையில் மறுபடி போனோம். அதிகாரி உங்கள் காலைப் பார்த்துவிட்டு, "இங்கருந்து அந்த மரம் வரைக்கும் போய்ட்டு வாங்கம்மா, போதும்" என்றார்.

"மத்தவங்களுக்கு என்ன வெச்சிருக்கீங்களோ அதையே வைங்க சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வளைவு, கை சைகை, சரிவில் நிறுத்தி எடுப்பது, எல்லாம் வைத்தார். ஒரு திருப்பத்தில் இண்டிகேட்டர் போட மறந்தீர்கள். "ரோட்டுல பின்னாடி வர்றவன் ஜோசியமா பாப்பான்? மறுபடி போங்க" என்று சத்தம் போட்டார். மறுபடி போய் முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது உங்கள் முகத்தில் இருந்த பூரிப்பை நான் எந்தக் கல்யாண மேடையிலும் பார்த்ததில்லை.

"எல்லாரையும் திட்டற மாரியே திட்டுனாருடி" என்றீர்கள்.

அதன் பிறகு ஆறு வருடம். எந்த ஆட்டோவையும் எதிர்பார்க்காமல் வேங்கிக்கால் போய் வந்தீர்கள். அடி அண்ணாமலை வரை உங்கள் பின்னால் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து நானும் வந்திருக்கிறேன். ஒரு மழைநாளில் வந்த நெஞ்சுவலி உங்களை ஒரே இரவில் கொண்டுபோனது. அன்று பகலிலும் நீங்கள் இரண்டு மனு எழுதியிருந்தீர்கள்.

இன்று அந்தச் செய்தியைப் பார்த்த பிறகு விதிகளை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த முறை தனியாக. வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது. உரிமையாளர் இறந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும், வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். வரி விலக்குப் பெற்ற வண்டி என்பதையும் சொல்லி, இனி வரி உண்டா என்று கேட்க வேண்டும். இதற்கான மனுவை நானே எழுதினேன். எழுதி முடிக்கும்போது உங்கள் தம்பி உறையை எடுத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பைக் பஞ்சராம், கடைக்குப் போக வேண்டுமாம்.

"பேர் மாறலைங்க" என்றேன்.

"தெருமுனை வரைக்கும்தானே. யார் கேக்கப் போறாங்க?"

"நான் கேக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நான் அப்படிப் பேசியதில்லை. வண்டியை நிறுத்தி, உறையை இழுத்து மூடி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தே போனார்.