கருமேகத்தின் கீழ்க் கலம் விடுக

மழை பிழையாது பெய்க. குடி தளராது வாழ்க. வேங்கைமாடத்து அரசர் நெடுவேளரையர் திருவாய் மலர்ந்தருள, அமைச்சர் கண்ணங்கீரன் எழுதி விடுக்கும் இவ்வோலையை, கடலுக்கு அஞ்சாத குடியிற் பிறந்த நெடுந்துறைக் காவலர் ஆதன் அழிசியார் நலமுடன் கண்டுகொள்க.

செய்தி யாதெனில், புன்னைத்தீவு பசியால் வாட, அதற்கு நெல்லேற்றிய கலங்கள் மூன்று நாளாகத் தங்கள் துறையில் கிடக்கின்றன. வானம் கறுத்ததால் வழக்கப்படி கலம் விடாது கறுப்புக்கொடி ஏற்றியதாகத் தாங்கள் எழுதினீர்கள். சென்ற மாதம் வெண்மேகம் கண்டு வெள்ளைக்கொடி ஏற்றிய நாளில் தங்கள் தம்பியாரின் கலம் புயலில் மூழ்கியதை அரசர் மறந்தாரல்லர். அதை நினைந்து கண் கலங்கினார்.

ஆயினும் தங்கள் துறையில் வானம் பார்க்கும் எயினி இன்று காலை அவைக்கு வந்து, குற்றம் வானத்தினுடையது அன்று, கொடியினுடையது என்றாள். அவையோர் சிலர் முகம் சுளித்தனர், அவள் பொருட்படுத்தவில்லை. மேகத்துக்குச் சொந்த நிறம் இல்லையாம். மெல்லிய மேகம் வெயிலை வழியவிட்டு வெளுக்கும். தடித்தது வெயிலை மேலேயே தடுப்பதால் அடிப்புறம் கறுக்கும். மாலை ஒளி சிவத்தலால் மேகமும் சிவக்கும். தம்பியார் சென்ற நாளில் தொலைவில் நின்ற மேகம் மலையாய் ஓங்கி, உச்சி கொல்லன் இரும்படிக்கும் பட்டடைக்கல்போல் பரந்திருந்தது. வெயில் பட்ட பக்கத்தைக் கரையோர் வெள்ளை என்றனர். அடியில் அகப்பட்டவர்க்கு அதுவே கரும்புயல் ஆயிற்று. இப்போது தங்கள் தலைக்குமேல் உள்ளதோ போர்வைபோல் தாழ்ந்து பரந்த மேகம். காற்றும் சீராக வீசுகிறது. நனைக்குமேயன்றிக் கவிழ்க்காது என்பது அவள் துணிபு.

தம்பியார் சென்ற அன்று அவள் தடுத்தாள் என்பதையும், தாங்கள் செவிசாய்க்கவில்லை என்பதையும் அவள் அவையில் சொல்லவில்லை. உடன் வந்த துறைமாந்தர் சொல்லியே அறிந்தோம்.

கணிப்புத் தவறினால் பொறுப்பு யாருடையது என்று அரசர் வினவ, முதற்கலத்தில் தானே ஏறுவதாக உரைத்தாள். மேலும் ஒன்று வேண்டினாள்: அக்கலத்தின் சுக்கானைத் தாங்களே பிடிக்க வேண்டும், அந்தக் கடலில் தன் உயிரை நம்பிக் கொடுக்க வேறு கை இல்லையாம்.

அரசர் இசைந்தார். இனிக் கொடிக்கயிறு எயினியின் பொறுப்பு. இவ்வோலை கண்ட கணமே கொடியை இறக்கிப் பாயை விரிக்க. வேங்கை முத்திரை இட்டோம். அழிசியாரே, சுக்கானைப் பிடியுங்கள். இது அரச ஆணை.