பின்னறை ஸ்விட்ச்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில், அங்கிருந்தே போட்டு அணைக்க உன் போனில் வைத்திருக்கிறாயே நம் வீட்டு ஸ்விட்சுகள், அவற்றைத் தொடாதே. பின்னறை ஸ்விட்சையும் தொடாதே, மெயினையும் தொடாதே. இதைப் படித்து முடித்த பிறகும் தொடாதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும். அவருக்கு மூச்சுதான் போதவில்லை, காது இன்னும் பாம்புச் செவி. பேச ஆரம்பித்தால் நானும் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். புயல் வாசலில் காத்திருக்கிறாள். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். புயல் யார் என்று உனக்குத் தெரியும், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பெண். நம் வாசலில் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட வந்தவர்களிலேயே மெதுவாக ஓட்டுகிறவள் என்பதால் உன் அப்பா வைத்த பெயர்.

நீ அனுப்பிய காசில் மொட்டை மாடியில் சோலார் தகடு போட்டோம். மிச்ச மின்சாரத்தை மின்வாரிய லைனுக்கு விட்டால் அற்பக் காசுதான் வரும், மதிய வெயிலில் அதை நாமே பயன்படுத்திச் சம்பாதிக்க வேண்டும், சாப்பாடு கொண்டுபோகிறவர்களின் வண்டிக்கு சார்ஜ் போடலாம் என்று யோசனை சொன்னதும் நீதான். நன்றாகத்தான் நடந்தது. பஸ் கண்டக்டராக வேலை பார்த்த மனுஷருக்கு மறுபடி ஒரு பஸ் கிடைத்த மாதிரி. பழைய தோல் பையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காத" என்று வண்டிகளை விரட்டுவார். ஒரு விசில் ஊதினால் நிறுத்த வேண்டும், இரண்டு விசில் ஊதினால் வயரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். சில்லறை இல்லை என்றால் ஒரு முறைப்பு முறைப்பார் பார், வெயிலே பரவாயில்லை என்று தோன்றும். நீயும் அங்கிருந்து போனில் கரண்ட் கணக்கைப் பார்த்துவிட்டு, மதியத்தில் நம் வீட்டுச் செலவுக் கோடு மேடாக ஏறுகிறது என்று சந்தோஷப்படுவாய்.

ஒருநாள் விசிலில் வெறும் காற்றுதான் வந்தது. விசில் கெட்டுவிட்டது என்று கழுவி வெயிலில் காயவைத்தார். புதிது வாங்கிவரச் சொன்னார். புதிதும் ஊதவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறதாம், இனி விரியாதாம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிற மிஷின் ஒன்று வாங்கினோம். அது இரவு பகல் நிற்கக் கூடாது. பகலில் நாம் லைனுக்குக் கொடுப்பதை எல்லாம் ராத்திரியில் அது குடித்துவிடுகிறது. கரண்ட் பில்லுக்குப் பயந்து, வண்டிகளுக்கு இனி இல்லை என்று சொல்லிவிட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் வயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்கள்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். உன் வேலை ஒப்பந்தம் முடியுமுன் நீ கிளம்பினால் மறுபடி அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்களாமே. "அவன் வந்து என்ன பண்ணுவான், எனக்குப் பதிலா மூச்சு விடுவானா" என்று நக்கல் வேறு.

பிறகு நீ கேட்க ஆரம்பித்தாய். மதிய மேடு எங்கே போனது, ராத்திரியெல்லாம் பின்னறையில் என்ன ஓடுகிறது என்று. ஃப்ரிட்ஜ் என்று பொய் சொன்னேன். ஃப்ரிட்ஜ் என்றால் நின்று நின்று ஓடும், இது நிற்காமல் ஒரே கோடாக ஓடுகிறதே என்று மடக்கினாய். சின்ன வயதிலிருந்தே உன்னிடம் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. வண்டிக்காரர்கள் யாரோ திருட்டுத்தனமாக வயர் இழுத்திருக்கிறார்கள், புயல்தான் முதல் ஆளாக இருப்பாள், யாரைப் பார்த்தாலும் பெற்ற பிள்ளை மாதிரி நம்பிவிடுகிறாய் என்று திட்டினாய். அதையும் கேட்டுக்கொண்டேன்.

நேற்று மதியம் நீ செய்ததை உன்னிடம் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லாவிட்டால் நாளைக்கும் செய்வாய்.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். மிஷின் வீல் என்று கத்தியது. கரண்ட் போனால்தான் அப்படிக் கத்தும். கரண்ட் போனால் எவ்வளவு வெயில் அடித்தாலும் சோலாரும் சேர்ந்து நின்றுவிடும், அதற்காகவே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறோம். அது காலி, நிரப்பி வருவதற்குப் புயல் எடுத்துப் போயிருந்தாள். ஈரப் புடவையோடு ஓடி வந்தேன். கூடத்தில் மின்விசிறி சுற்றுகிறது. பின்னறையில் மட்டும் ஒன்றும் இல்லை. எனக்கு எதுவும் விளங்கவில்லை. உன் அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நீலம் பாரித்துவிட்டது. வண்டிகளுக்குப் போடுகிற நீள வயர் ஞாபகத்துக்கு வந்தது. அதைக் கூடத்திலிருந்து இழுத்து மாட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிளக் துவாரத்தில் நுழைய மாட்டேன் என்கிறது, திருப்பித் திருப்பி வைத்து அழுத்தினேன்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. சிரித்தார், கண்ணா. விட்டு விட்டுச் சொன்னார். "என் பையன் கெட்டிக்காரன்டி. எங்கேயோ உக்காந்துக்கிட்டு, டிக்கெட் எடுக்காம ஏறின ஆளைக் கண்டுபிடிச்சு இறக்கி விட்டுட்டான்."

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். பின்னறையை அணைத்ததும் திருடன் கூடத்து லைனுக்கு மாறிவிட்டான் பார்த்தாயா என்றாய். நாளை மறுநாள் லீவு, மதியம் மெயினையே அணைக்கிறேன், யார் பதறிக்கொண்டு வருகிறார்கள் என்று வாசலில் நின்று பார் என்றாய். எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லாதே என்று எனக்குக் கையை ஆட்டினார். நான் சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்த வாயால் சொன்னேனோ தெரியவில்லை. ராத்திரி முழுக்க அந்த "சரிப்பா" என்னைத் தின்றுவிட்டது.

உன் மேல் தப்பில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கோபமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா எங்கே என்று கேட்டாய், தூங்குகிறார் என்றேன். ஒரு மனுஷன் எந்நேரமும் தூங்குவாரா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கக் கூடாதா? கரண்ட் யூனிட் கூடியதை மட்டும் கண்டுபிடித்தாயே கண்ணா.

சத்தியத்தை மீறிவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும். வேலை போனால் போகிறது, இருக்கிறதை வைத்துச் சமாளிப்போம், நான் மறுபடி வாசலில் வண்டிகளை நிறுத்துகிறேன். டாக்டரிடம் எவ்வளவு நாள் என்று கேட்டேன், பெரிய பையனை வரச் சொல்லுங்கள் என்றார். நமக்கு இருப்பதே ஒரு பையன்தான் என்று அவருக்குத் தெரியாது.

உன் போனில் அடியில் நிற்காமல் ஓடுகிறதே ஒரு கோடு, அது உன் அப்பா. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடு.

பதில் போனில் வேண்டாம். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம், படுத்தபடியே ஜன்னல் வழியாக வாசல் விளக்கு அவருக்குத் தெரியும். அந்த விளக்கும் உன் கையில்தானே இருக்கிறது. இன்று இருட்டியதும் அதைப் போட்டு அணை. படித்துவிட்டேன், ஆனால் வர முடியாது என்றால் ஒரு தடவை. கிளம்புகிறாய் என்றால் இரண்டு தடவை. இரண்டு என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். இருட்டுகிற வரைக்கும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்
அம்மா