பிரித்துப் போட்ட பம்ப்

12 மார்ச் 2009, வியாழன்

ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலுள்ள கரேன் மக்கள் சங்கத்துக்குக் கம்பெனி என்னை மூன்று மாதம் அனுப்பியதே, தண்ணீர் பம்பைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கத்தான். நாளையோடு முடிகிறது. இன்றுதான் தெரிந்தது, நான் அங்கே போகிற நாளில் மட்டும் பம்பை ஓட்டுகிறார்களாம். மற்ற நாளெல்லாம் குளத்துத் தண்ணீர்.

"கெட்டுப்போனா சயாவுக்குத்தானே தொந்தரவு?" என்றார் சங்கச் செயலாளர் நோ மூ அக்கா. சயா என்றால் அவர்கள் பேச்சில் வாத்தியார்; என்னைத்தான்.

"நான் போனப்புறம் கெட்டா யாரு பார்ப்பாங்க, அக்கா?" என்றேன்.

"ஐயோ, சயாவுக்குக் காதெல்லாம் சிவந்துபோச்சு!" என்றார் அக்கா.

சுற்றி நின்ற சங்கத்தார் எல்லாரும் சிரித்தார்கள். எரிச்சலில் பம்பை முழுக்கப் பிரித்துத் துணியில் பரப்பினேன். "காலையில நீங்களே மாட்டுங்க" என்று ஸ்பேனரை அக்கா கையில் திணித்துவிட்டுப் படகேறினேன்.

தப்பாக மாட்டினாலும் நாளை நான் தொடக் கூடாது. முடியுமா, தெரியவில்லை. மூன்று மாதமும் அந்த ஸ்பேனரை நான் யாரிடமும் கொடுத்ததே இல்லை.